வேலைக்குப் பிறந்த நாய் வீட்டுக்கு வந்தால்... இன்டர்நெட்டில் எதைத் தேடுவது, எதை நம்புவது?

கம்ப்யூட்டர் இதழில் நாய்க்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் நினைக்கலாம். நாய் வளர்க்கும் வீட்டில் உள்ள கம்ப்யூட்டரில் பிரவுசரின் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். நாய் செருப்பைக் கடிக்கிறது, நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, நாய் பின்னங்காலை நொண்டுகிறது, நாய் குழந்தையைத் துரத்துகிறது என்று வரிசையாகத் தேடல்கள் இருக்கும். இரவு பதினோரு மணிக்குப் பக்கத்துக் கால்நடை மருத்துவமனை திறந்திருக்காது. இன்டர்நெட் திறந்திருக்கும். அதனால் முதல் டாக்டர், முதல் டிரெய்னர் எல்லாமே சர்ச் இன்ஜின்தான் என்றாகிவிட்டது.

ஆனால் பொதுவாக நாய் என்று தட்டிக் கிடைக்கும் பதில் எல்லா நாய்க்கும் பொருந்துவதில்லை. குறிப்பாக, ஒரு வேலைக்கென்றே பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனங்களுக்குப் பொருந்துவதில்லை. ஆடு மேய்க்க, வேட்டையாட, காவல் காக்க, பனிச்சறுக்கு வண்டி இழுக்க என்று உருவான நாய்கள் இவை. (நாய்க் கண்காட்சி நடத்துபவர்கள் வேலை இனம் என்பதை இன்னும் குறுகலான பொருளில் பயன்படுத்துவார்கள். இங்கே விரிவான பொருளிலேயே எடுத்துக்கொள்வோம்.) நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கும் லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் இந்த வகைதான். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் ஆகியவையும் இந்த வகைதான். இவற்றைத் துணைக்காக வளர்ப்பவர்கள் இன்டர்நெட்டில் எப்படித் தேடினால் பயன் கிடைக்கும், எந்த இடத்தில் மவுஸை விட்டுவிட்டு டாக்டருக்கு போன் செய்ய வேண்டும் என்று பார்க்கலாம்.

தொல்லையைத் தேடாதீர்கள், வேலையைத் தேடுங்கள்

நாம் பொதுவாக நாய் தரும் தொல்லையைத்தான் டைப் செய்கிறோம். "லேப்ரடார் கடிப்பதை நிறுத்துவது எப்படி" என்று கேட்டால் முதல் பக்கம் முழுவதும் கசப்பு ஸ்பிரே விளம்பரமாக வரும். அதே நாயின் இனம் எந்த வேலைக்காக உருவானது என்று தேடிப் பாருங்கள். பதிலின் தரமே மாறிவிடும்.

லேப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையில் மீனவர்களுடன் இருந்தவை. தண்ணீரில் குதித்து வலையின் கயிற்றையும் தப்பிய மீனையும் வாயில் கவ்விக் கொண்டுவந்தன. பிறகு பிரிட்டனில் சுடப்பட்ட பறவைகளைச் சேதப்படுத்தாமல் எடுத்துவரும் நாயாக வளர்த்தெடுக்கப்பட்டன. அதாவது, எதையாவது வாயில் வைத்துக்கொண்டு நம்மிடம் ஓடிவருவதுதான் அதன் உத்தியோகம். உங்கள் செருப்பு அதற்குச் சுடப்பட்ட வாத்து. ரெட்ரீவர் நாய்களுக்கான விளையாட்டுகள் என்று ஆங்கிலத்தில் தேடினால், பொருளை ஒளித்து வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வது, பெயர் சொன்னால் எடுத்துவரப் பழக்குவது என்று செலவில்லாத பல யோசனைகள் கிடைக்கும். செருப்பைக் கொண்டுவந்தால் திட்டாமல் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு துண்டு கேரட் கொடுத்துப் பாருங்கள். சில வாரங்களில் அது செருப்பைத் தின்பதை விட்டு உங்களிடம் ஒப்படைக்கத் தொடங்கும்.

லேப்ரடார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது எப்போதும் பசிப்பதுபோல் நடிக்கிறது என்று நினைக்கிறோம். 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு பி.ஓ.எம்.சி. என்னும் ஜீனில் ஒரு சிறு பகுதி விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பசியைக் கட்டுப்படுத்தும் மூளையின் செய்தி இந்த நாய்களில் சரியாக வேலை செய்வதில்லை. இதே குழுவினர் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த நாய்கள் சும்மா இருக்கும்போது மற்ற லேப்ரடார்களைவிட ஏறக்குறைய 25 சதவீதம் குறைவாகக் கலோரியைச் செலவழிக்கின்றன என்றும் தெரியவந்தது. நாய் நடிக்கவில்லை. அதற்கு உண்மையாகவே பசிக்கிறது. எனவே "பாவம், கேட்கிறது" என்று இட்லி போடுவதும் சரியில்லை, பேராசை பிடித்த நாய் என்று அடிப்பதும் சரியில்லை. அளந்து போடுவதுதான் வழி. நாள் முழுவதற்குமான உணவை எடைபோட்டு ஒரு டப்பாவில் வைத்துவிட்டு, பயிற்சிக்குக் கொடுக்கும் துண்டுகளையும் அதிலிருந்தே எடுங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்டின் கதை வேறு. 1899-ல் மேக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மன் குதிரைப் படை அதிகாரி இந்த இனத்தை முறைப்படி பதிவு செய்யத் தொடங்கினார். வேலி இல்லாத வயல்களுக்கு நடுவே ஆடுகள் மேயும்போது, பயிரில் வாய் வைக்காதபடி எல்லைக்கோட்டில் நாள் முழுவதும் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பதுதான் இதன் வேலை. நடமாடும் வேலி என்று சொல்லலாம். இப்போது உங்கள் வீட்டு காம்பவுண்டு சுவரோரம் புல் முளைக்காமல் ஒரு பாதை ஏன் விழுந்திருக்கிறது என்று புரிகிறதா? கேட்டுக்கு வெளியே யார் போனாலும் குரைப்பதும் இதன் தொடர்ச்சிதான். நாள் முழுவதும் கேட்டருகே கட்டி வைத்தால் அது நாள் முழுவதும் டியூட்டியில் இருக்கிறது என்று பொருள். வெளியே தெரியாத இடத்தில் படுக்கையை மாற்றிவிட்டு, காலையும் மாலையும் மோப்ப விளையாட்டுக்கு அரை மணி நேரம் கொடுத்தால் பல வீடுகளில் குரைப்பு கணிசமாகக் குறைந்துவிடும்.

பார்டர் கோலி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. யூடியூபில் அதன் புத்திசாலித்தனத்தைப் பார்த்து மயங்கி வாங்குபவர்கள் பெருகிவிட்டார்கள். அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர் வளர்த்த சேஸர் என்ற பார்டர் கோலி, 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டது. இதை அவர் 2011-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அந்தச் செய்தியைப் பகிர்பவர்கள், அதற்காக அவர் தினமும் பல மணி நேரம் வீதம் சுமார் மூன்று ஆண்டுகள் உழைத்தார் என்ற வரியை மட்டும் விட்டுவிடுவார்கள். என் அலுவலக நண்பர் ஒருவரின் பார்டர் கோலி, வீட்டுக்கு வரும் குழந்தைகளை எல்லாம் ஹாலின் ஒரு மூலைக்கு ஒதுக்கி நிறுத்திவிடும். குதிகாலை லேசாகக் கவ்வும். நாய்க்கு வெறி, யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று அறிவுரை சொன்னவர்களே அதிகம். அவர் "மேய்க்கும் நாய்களுக்கான பந்து விளையாட்டு" என்று தேடியபோது டிரைபால் என்ற விளையாட்டு கிடைத்தது. பெரிய உடற்பயிற்சிப் பந்துகளை நாய் மூக்காலும் தோளாலும் தள்ளி ஒரு கோலுக்குள் சேர்க்க வேண்டும். ஆடு கிடைக்காத ஊரில் மேய்க்கும் நாய்களுக்கென்றே உருவான விளையாட்டு இது. மொட்டை மாடியில் மாலை நேரத்தில் நான்கு பந்துகள். குழந்தைகளுக்கு விடுதலை.

நம் சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் வேட்டையாடும் நாய்கள். மோப்பம் இரண்டாம்பட்சம். தூரத்தில் ஏதாவது ஓடினால் போதும், கால் தானாகப் பறக்கும். இன்று முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாய்க்கு இது தெரியாது. ஓடத் தொடங்கிய பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் பயனில்லை. எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை மற்ற நேரத்தில் பெயரை முணுமுணுத்தாலே வந்து நிற்கும், பூனை ஓடும்போது மட்டும் காது கேட்காது. எனவே இவற்றுக்குச் சுற்றிலும் உயரமான வேலி இருக்கும் இடத்தில்தான் கயிற்றை அவிழ்க்க வேண்டும். ஆனால் பலர் பயப்படுவதுபோல் நாள் முழுவதும் இவை ஓட வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் வேகமாக ஓடவிட்டால், மீதி நேரம் சோபாவில் தூங்கும். அபார்ட்மென்டில் ஜெர்மன் ஷெப்பர்டைவிட இவற்றை வைத்துக்கொள்வது எளிது என்பது என் கருத்து.

ராஜபாளையத்துக்கு ஒரு குறிப்பு மட்டும். 2005-ல் அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டுப் பெருமை சேர்த்த இனம் இது. முழு வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள குட்டிகளையே பலரும் விரும்பிக் கேட்கிறார்கள். நிறமி இல்லாத வெள்ளை நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு வாய்ப்பு அதிகம். குட்டி தூங்கும்போது, காற்றும் அதிர்வும் படாத தூரத்தில் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காது அசையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். சொன்ன பேச்சு கேட்காத நாய் என்று அடி வாங்கும் சில நாய்களுக்கு உண்மையிலேயே காது கேட்பதில்லை.

பெல்ஜியன் மாலினாய்? 2011-ல் பின்லேடன் மீதான தாக்குதலில் அமெரிக்க வீரர்களுடன் சென்ற கெய்ரோ என்ற நாய் இந்த இனம். அதன் பிறகு உலகம் முழுவதும் மவுசு ஏறிவிட்டது. நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் இதை வாங்க வேண்டாம். சைபீரியன் ஹஸ்கி சைபீரியாவின் குளிரில் சறுக்கு வண்டி இழுக்கப் பிறந்தது. சென்னை மே மாதத்தில் அதற்கு ஏ.சி. தேவை என்பதோடு, மின்வெட்டு நேரத்துக்கு என்ன செய்வீர்கள் என்ற கேள்வியும் இருக்கிறது.

சரியாகத் தேடுவது எப்படி?

கூகுளில் பொதுவாகத் தேடினால் பொருள் விற்கும் தளங்களே முதலில் வரும். இதைத் தவிர்க்க சில சின்ன வழிகள் உள்ளன. தேடும் சொற்களை டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் சைட் என்று சிறிய எழுத்தில் அடித்து, கோலன் குறியிட்டு, இடைவெளி விடாமல் டாட் இடியு என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத் தளங்களில் உள்ள பதில்கள் மட்டும் கிடைக்கும். அங்கே உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகள் நாய் வளர்ப்பவர்களுக்கென்றே எளிய ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கின்றன. இந்தியக் கல்வி நிறுவனங்களுக்கு டாட் ஏசி டாட் இன் என்று கொடுக்கலாம். விற்பனைப் பக்கங்கள் வேண்டாம் என்றால் விற்பனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு முன் மைனஸ் குறியை ஒட்டிப் போடுங்கள்.

நம் நாட்டு இனங்களைப் பற்றித் தமிழில் தேடினால் பெரும்பாலும் குட்டி விற்பவர்களின் வீடியோக்களே வருகின்றன. அவற்றில் அனுபவச் செய்திகள் உண்டு, ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் விற்பவர் தன் சரக்கின் குறையைச் சொல்வாரா? இனத்தின் உயரம், எடை, நிறம் போன்ற விவரங்களுக்கு ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பின் தளத்தைப் பாருங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஹவுண்ட் ஆகியவை அங்கே முறைப்படி பதிவான இனங்கள். நோய்களைப் பற்றி அறிய எம்.எஸ்.டி. கால்நடை மருத்துவக் கையேடு முழுவதும் இலவசமாகவே ஆன்லைனில் உள்ளது. ஜெர்மன் ஷெப்பர்ட், லேப்ரடார் போன்ற இனங்களின் இடுப்பு மூட்டுக் கோளாறு பற்றி 1966 முதல் அமெரிக்காவில் இயங்கும் ஓ.எஃப்.ஏ. அமைப்பு இனவாரியாகப் புள்ளிவிவரம் வைத்திருக்கிறது. குட்டி வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய தளம் இது. நம்மில் பலர் வாங்கிய பிறகு பார்க்கிறோம்.

பதில் எப்போது எழுதப்பட்டது என்பதும் முக்கியம். கூகுள் பக்கத்தில் டூல்ஸ் என்பதைக் கிளிக் செய்து, எந்த நேரமும் என்பதற்குப் பதிலாகக் கடந்த ஓராண்டு என்று மாற்றிக்கொள்ளலாம். ஓர் உதாரணம். 2024 மார்ச்சில் 23 நாய் இனங்களுக்குத் தடை விதிக்கும்படி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. முதல் செய்தியை மட்டும் படித்துவிட்டு நாயைக் கொண்டுபோய் எங்கோ விட்டுவிட்டு வந்தால் யார் பொறுப்பு?

ஏ.ஐ. சாட்பாட்களிடம் கேட்பவர்களும் பெருகிவிட்டார்கள். பொதுவான விளக்கத்துக்கு அவை பயன்படும். ஆனால் எவ்வளவு மில்லிகிராம் என்று கேட்டு, வரும் எண்ணை அப்படியே பின்பற்றாதீர்கள். ஏன் என்பது அடுத்த பகுதியைப் படித்தால் புரியும்.

ஆபத்தான பதில்

உண்ணி, சொறி என்றால் நம் ஊரில் உடனே காதில் விழும் பெயர் ஐவர்மெக்டின். மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தை நாய்க்கு எவ்வளவு போடலாம் என்று சொல்லும் வீடியோக்களுக்குக் குறைவே இல்லை. பல நாய்களுக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் "நான் போட்டேன், சரியாகிவிட்டது" என்று கீழே நூறு பேர் சாட்சி சொல்கிறார்கள். ஆனால் மேய்க்கும் இன நாய்களில் இதே மருந்து உயிரைப் பறிக்கக்கூடும்.

காரணம் இதுதான். கம்ப்யூட்டருக்கு ஃபயர்வால் இருப்பதுபோல் மூளைக்கும் ஒரு தடுப்பு உண்டு. ரத்தத்தில் வரும் மருந்து மூளைக்குள் நுழைந்தால், அதைப் பிடித்து வெளியே தள்ள ஒரு புரதம் பம்ப் போல வேலை செய்கிறது. அந்தப் புரதத்தை உருவாக்கும் ஜீனுக்கு எம்.டி.ஆர்.1 என்று பெயர். 2001-ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேட்ரினா மீலி தலைமையிலான குழு, கோலி நாய்களில் இந்த ஜீனில் நான்கு எழுத்துகள் காணாமல் போயிருப்பதைக் கண்டுபிடித்தது. புரோகிராமில் ஒரு வரி அழிந்தால் மீதி எல்லாம் குழம்புவதுபோல, நான்கு எழுத்து இல்லாததால் பம்ப் முழுமையாக உருவாவதே இல்லை. மருந்து மூளைக்குள் தங்கிவிடுகிறது. நாய் தள்ளாடும், எச்சில் ஒழுகும், கண் தெரியாமல் போகும், நடுங்கும், கோமாவுக்குப் போகலாம்.

கோலி நாய்களில் சுமார் 70 சதவீதம், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் சுமார் 50 சதவீதம், ஜெர்மன் ஷெப்பர்டில் சுமார் 10 சதவீதம் இந்தக் குறையைச் சுமப்பதாக அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலிட்டிருக்கிறது. பத்து சதவீதம்தானே என்று நினைக்கக் கூடாது. நம் ஊரில் ஜெர்மன் ஷெப்பர்ட் எத்தனை இருக்கின்றன என்று யோசியுங்கள். கலப்பினக் குட்டிகளிலும் இது வரலாம்.

அளவும் ஒரு சிக்கல். இதயப் புழுவைத் தடுக்க மாதம் ஒரு முறை கொடுக்கும் ஐவர்மெக்டின் அளவு மிகமிகக் குறைவு, அது இந்த நாய்களுக்கும் பாதுகாப்பானதே. சொறிக்குக் கொடுக்கும் அளவோ அதைப்போல் 50 மடங்கு, 100 மடங்கு. இன்டர்நெட்டில் ஒருவர் பாதுகாப்பானது என்று சொல்வதும் இன்னொருவர் விஷம் என்று சொல்வதும் இரண்டு வெவ்வேறு அளவுகளைப் பற்றியது. மாட்டு ஊசி மருந்து ஒரு சதவீதக் கரைசல். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும். நாய்க்கான கணக்கு மைக்ரோகிராமில் வரும். மைக்ரோவுக்கும் மில்லிக்கும் இடையே ஆயிரம் மடங்கு. யாரோ ஒருவர் கீபோர்டில் செய்த ஒரு எழுத்துப் பிழை, உங்கள் வீட்டில் சிரிஞ்சு வரை வந்துவிடும்.

இந்தக் குறை இருக்கிறதா என்று கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுக்கும் மாதிரியிலேயே பரிசோதிக்கலாம். பரிசோதிக்காவிட்டாலும், மேய்க்கும் இனம் என்றால் எந்த மருந்துக்கு முன்பும் டாக்டரிடம் எம்.டி.ஆர்.1 என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். வயிற்றுப்போக்குக்கு நாம் கடையில் வாங்கும் லோபெரமைடு மாத்திரையும் இந்த நாய்களுக்கு ஆகாத பட்டியலில் உள்ளது. எந்த இனமானாலும் வீட்டில் இருக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன், பாராசிட்டமால் ஆகியவற்றை நாமாகக் கொடுக்கவே கூடாது.

வேட்டை நாய்களுக்கு வேறு ஒரு பிரச்னை. கிரேஹவுண்ட் நாய்களை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு மற்ற நாய்களைவிட இயல்பாகவே அதிகம். தைராய்டு ஹார்மோன் அளவு இயல்பாகவே குறைவு. லேப் ரிப்போர்ட்டில் அச்சாகும் சராசரியோடு ஒப்பிட்டால் இரண்டுமே நோய்போலத் தெரியும். கொழுப்பு குறைந்த உடல் என்பதால் சில வகை மயக்க மருந்துகளிலிருந்து மெதுவாகவே தெளியும். உடலமைப்பில் நம் சிப்பிப்பாறையும் கன்னியும் இதே வகையைச் சேர்ந்தவை. எனவே ரிப்போர்ட்டை வாங்கியதும் எண்களைக் கூகுளில் தட்டிப் பயப்பட வேண்டாம். அறுவைச் சிகிச்சைக்கு முன் இது பார்வையால் வேட்டையாடும் இனம் என்று டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள்.

"நீதான் தலைவன் என்று காட்டு"

நாய் உறுமினால் மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடி, அதற்கு முன் நீ சாப்பிடு, நீதான் கூட்டத் தலைவன் என்று உணர்த்து. இந்த அறிவுரை இன்டர்நெட்டில் அழியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடைத்து வைக்கப்பட்ட, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைக் கவனித்துச் செய்த பழைய ஆய்வுகளிலிருந்து வந்தது இது. 1970-ல் ஓநாய் பற்றிய தன் புத்தகத்தில் இந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவர் டேவிட் மெக். காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட சாதாரணக் குடும்பம்தான் என்று 1999-ல் அவரே எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். 2022-ல்தான் நிறுத்தினார்கள். சாஃப்ட்வேர் எழுதியவரே திரும்பப் பெற்றுக்கொண்ட வெர்ஷனை நாம் இன்னும் இன்ஸ்டால் செய்துகொண்டிருக்கிறோம்.

ராஜபாளையம், கோம்பை போன்ற காவல் நாய்களிடம் இந்த முறையைக் காட்டினால் கடி வாங்குவது உறுதி. உறுமல் என்பது எச்சரிக்கை மெசேஜ். அடித்து அந்த மெசேஜை நிறுத்திவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையையே பரிந்துரைத்திருக்கிறது.

ஓர் அறிவுரை நல்லதா என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை எளிது. சொல்பவர் முதலில் கேள்வி கேட்கிறாரா? நாய்க்கு என்ன வயது, எந்த இனம், எவ்வளவு நாளாக, எந்த நேரத்தில், யார் பக்கத்தில் இருக்கும்போது என்று கேட்பவர் சொல்வதைப் படிக்கலாம். எடுத்ததும் தீர்ப்பு சொல்பவரையும், இப்படிப்பட்ட நாயை ஏன் வாங்கினாய் என்று திட்டுபவரையும் கடந்து போய்விடுங்கள்.

குட்டி வாங்கும் முன்

ஆன்லைனில் குட்டியின் படத்தைக் காட்டி, முன்பணம் அனுப்பச் சொல்லி, பிறகு போனை எடுக்காமல் இருக்கும் மோசடி வளர்ந்திருக்கிறது. படத்தை சேவ் செய்து கூகுள் லென்ஸ் அல்லது டின்ஐ தளத்தில் கொடுத்துப் பாருங்கள். அதே குட்டி வேறு நாட்டில் வேறு பெயரில் விற்பனைக்கு இருந்தால் விஷயம் முடிந்தது. படத்துக்குப் பதில் வீடியோ காலில் குட்டியைத் தாயுடன் காட்டச் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. பதிவு எண் கேட்டதும் பேச்சை மாற்றினால் நாமும் வேறு இடம் பார்க்கலாம்.

டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய பக் ரிப்போர்ட்

சாஃப்ட்வேர் துறையில் "புரோகிராம் சரியாக ஓடவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் யாரும் சரி செய்ய மாட்டார்கள். என்ன செய்தபோது, எந்த நேரத்தில், எத்தனை முறை என்று எழுத வேண்டும். நாய்க்கும் அதே முறை பயன்படும். எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து தேதி, எடை, உணவின் அளவு, மலம், மருந்து, குறிப்பு என்று ஆறு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். எடை பார்க்க, நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

நொண்டலைக் காட்ட வீடியோதான் சிறந்தது. மருத்துவமனை மேஜையில் பயத்தில் எந்த நாயும் நொண்டாது. வீட்டில் போனின் ஸ்லோ மோஷன் வசதியில், பக்கவாட்டில் ஒன்று, எதிரே வரும்போது ஒன்று, விலகிப் போகும்போது ஒன்று என்று மூன்று வீடியோ எடுங்கள். நாய் நன்றாகத் தூங்கும்போது மூச்சை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கி அதே ஷீட்டில் எழுதி வையுங்கள். நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருப்பது இயல்பு. தொடர்ந்து மேலே போனால், குறிப்பாக வயதான நாய்க்கு, காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். வயிறு திடீரென்று உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் வராமல் தவித்தால் எதையும் தேட வேண்டாம். ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் நோயின் அடையாளம் அது. ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. நேரே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

கடைசியாக மைக்ரோசிப். பலர் இதை ஜி.பி.எஸ். என்று நினைக்கிறார்கள். இது அரிசி அளவு கண்ணாடிக் குழாயில் உள்ள ஆர்.எஃப்.ஐ.டி. சிப். உள்ளே பேட்டரி கிடையாது. ஸ்கேனரை அருகில் கொண்டுவந்தால் அதன் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்து மின்சக்தியைப் பெற்று, 15 இலக்க எண் ஒன்றை மட்டும் சொல்லும். நாய் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. அந்த எண்ணுக்கு எதிரே எந்தப் பதிவேட்டில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பூனையைத் துரத்தி மூன்று தெரு தாண்டிவிட்ட சிப்பிப்பாறை உங்களிடம் திரும்பி வருவதற்கு அந்த நம்பர் சரியாக இருக்க வேண்டும். சிம் கார்டை மாற்றியவர்கள் இன்றே அந்தப் பதிவேட்டில் லாகின் செய்து புது நம்பரை ஏற்றிவிடுங்கள். 15 இலக்க எண்ணையும் மேலே சொன்ன ஷீட்டின் முதல் வரியிலேயே எழுதி வைத்து, ஒரு நகலை உங்கள் இமெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்.